214ஆம் பக்கத்து நட்சத்திரம்

மயிலாப்பூர்
28.6.2025

அன்புத் தம்பி உமர் ஃபாரூக்குக்கு அக்கா ஜைதூன் பீ எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தில்லி வெயிலில் நீயும் சிம்ராவும் சுகமாக இருக்கிறீர்களா? எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான். மற்றபடி சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், நடமாடுகிறேன்.

போனை எடுப்பதில்லை என்று கோபப்படாதே. நீ "அக்கா" என்று ஆரம்பித்த உடனே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. காகிதம் என்றால் அழுது முடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதலாம். ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மச்சான் போனதற்கு இருந்த இத்தா முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தவளுக்குக் கச்சேரி ரோட்டைக் கடப்பதே பெரிய காரியமாகிவிட்டது. அச்சகத்தில் பைண்டிங் அறையில் என் இடம் அப்படியே இருக்கிறது. எதிர் அறையில் உன் மச்சானின் கம்ப்யூட்டர்மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். இருபத்தாறு வருஷம் அவர் பக்கம் அமைத்தார், நான் அதை மடித்துத் தைத்தேன். இப்போது மடிக்க மட்டும் ஆள் இருக்கிறது.

ஒரு விஷயம் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஜனவரியில் வந்த பொது அறிவு ஆண்டுப் புத்தகம் உனக்குத் தெரியும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வாங்குவது. அவர் கடைசியாகப் பக்கம் அமைத்த புத்தகம் அதுதான். வருஷா வருஷம் உனக்கு ஒன்று அனுப்புவாரே, இந்த வருஷம் பார்சல் கட்டியதோடு சரி, அலமாரியில் கிடக்கிறது. அதில் 214ஆம் பக்கத்தில் இந்தியாவுக்கு எதிரே தப்பு இருக்கிறது என்று ஒரு பெண் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனதாம். முதலாளி அய்யாதுரை சார், "பாய் கடைசிக் காலத்துல கண்ணு சரியில்லாம விட்டுட்டாரும்மா" என்கிறார். நிதியாண்டு, கணிப்பு என்று ஏதோ சொல்கிறார்கள். உனக்கு அதுதானே உத்தியோகம்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

சிம்ராவுக்கு என் சலாம் சொல்.
அக்கா ஜைதூன் பீ


புது தில்லி
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கு, வ அலைக்கும் ஸலாம். இங்கே இருவரும் நலம். முழங்காலுக்கு அந்தத் தைலத்தையே தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டு. நீ வேலைக்குப் போனது தெரிந்து எனக்கு நிம்மதி.

கேட்டதற்குப் பதில். ஒரு வருஷத்தில் நாடு முழுவதும் உண்டாக்கிய பொருள்கள், செய்த வேலைகள் எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டினால் வருவது நாட்டின் மொத்த உற்பத்தி. நீ தைக்கிற புத்தகம்கூட அதில் சேர்த்தி. முந்தைய வருஷத்தைவிட அது நூற்றுக்கு எவ்வளவு கூடியது என்பதுதான் அந்தப் பக்கத்து எண். பல நாடுகளுக்கு வருஷம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். நமக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், அதுதான் நிதியாண்டு. வருஷம் முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. இவ்வளவு வளரும் என்று நடுவிலேயே கணித்துச் சொல்வார்கள். பிறகு அது கூடும், குறையும்.

7.2 ஒன்றும் வானத்திலிருந்து வந்ததில்லை. போன அக்டோபரில் ரிசர்வ் வங்கியே சொன்னது. பத்திரிகைகள் எல்லாம் போட்டன. ஒரு நட்சத்திரக் குறி இல்லாததைப் போய்ப் பெரிதாக்குகிறார்கள். நீ மனதை வருத்திக்கொள்ளாதே. மச்சானின் வேலையை அறிந்தவர்களுக்கு அவரைத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி
உமர்


மயிலாப்பூர்
22.7.2025

அன்புத் தம்பிக்கு அக்காவின் சலாமும் துஆவும். இங்கே இரண்டு நாளாக நல்ல மழை. முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், தேவலை.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். புரிந்தது. பிறகு 214ஆம் பக்கத்தைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். மற்ற நாடுகளுக்கு எல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறது. கீழே, "நட்சத்திரக் குறி உள்ளவை கணிப்பு" என்று போட்டிருக்கிறது. இந்தியாவுக்கு மட்டும் நட்சத்திரம் இல்லை. புத்தகம் கடைக்கு வந்தது ஜனவரியில். அவர்கள் வருஷம் அப்போது முடிந்துவிட்டது, நம் வருஷத்துக்கு மூன்று மாதம் பாக்கி. முடியாதது நம்முடையது, ஆனால் முடிந்த மாதிரி நிற்பதும் நம்முடையதுதான். இது எனக்கே தெரிகிறதே உமர்.

சண்டை போட்ட பெண் பூஜா, அடையாறு. வெள்ளிக்கிழமை மறுபடி வந்தாள். சண்டைக்காரி இல்லை, பாவம். ஒரு பாங்க் வேலைக்கு நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்களாம். போன நிதியாண்டில் நம் நாடு ஏழு புள்ளி இரண்டு வளர்ந்தது என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதில் ஒருவர், "வளர்ந்துதா, வளரும்னு சொன்னாங்களா?" என்றாராம். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அரசாங்கம் ஆறரை என்று சொல்லியிருந்தது. இவள் புத்தகத்தை நம்பினவள், அதைப் பார்க்கவில்லை. வேலை கிடைக்கவில்லை.

"மத்த நாட்டுக்கெல்லாம் ஸ்டார் இருக்கு ஆன்ட்டி. நம்மளுதுக்கு இல்ல. அப்ப இது முடிஞ்ச கணக்குன்னுதானே நான் நினைப்பேன்?" என்று கேட்டாள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவர் போனது பிப்ரவரி பன்னிரண்டு. நீ எழுதின பிறகுதான் யோசித்தேன். எந்த வருஷத்தின் கணக்கை அவர் பக்கத்தில் வைத்தாரோ அந்த வருஷம் முடிவதைப் பார்க்க அவர் இல்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். புத்தகம் இன்னும் ஆயிரத்து நானூறு இருக்கிறது. தி.நகர் கடைக்காரர் திருத்தச் சீட்டு ஒட்டிக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்கிறார். அய்யாதுரை சார் சீட்டில் போட எழுதி வைத்திருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "காலஞ்சென்ற பக்க அமைப்பாளர் அன்வர் பாஷாவின் கவனக்குறைவால் 214ஆம் பக்கத்தில் தவறு நேர்ந்துள்ளது." நான் வேண்டாம் என்றேன். "ஏம்மா, போனவரு வந்து கேக்கவா போறாரு?" என்றார்.

"அவர் வரமாட்டார் சார். ஒட்டறது நான்" என்றேன். எழுதியதைக் கவிழ்த்து வைத்தார். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். இந்த எண்களை அவர் உன்னிடம்தானே கேட்பார். போன வருஷமும் கேட்டாரா?

பதில் எதிர்பார்க்கும்
அக்கா


மயிலாப்பூர்
19.8.2025

அன்புத் தம்பிக்கு, சலாம். நாலு வாரமாகிறது, உன் கடிதம் இல்லை. உனக்கோ சிம்ராவுக்கோ உடம்பு சரியில்லையா என்று கவலையாக இருக்கிறது. நான் நலம்.

போன வாரம் நானே பஸ் பிடித்து தி.நகர் போனேன். கடைக்காரர் பேர் பாலகணேஷ். உஸ்மான் ரோட்டு மேம்பாலத்துக்குக் கீழே கடை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் என்னைத் தள்ளிக்கொண்டே போய்க் கடை வாசலில் விட்டார்கள், நான் நடக்கவே வேண்டியிருக்கவில்லை. சீட்டில் ஆள் பேர் எதற்கு என்று கேட்டேன். யார் தப்பு என்று தெரிந்தால் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை வரும் என்றார். நம்பிக்கைக்குப் பேர்தான் வேண்டும் என்றால் அச்சகத்தின் பேரைப் போடச் சொல்லுங்கள், அது உயிரோடு இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லும் என்றேன். சிரித்துவிட்டு எனக்கு மோர் வாங்கித் தந்தார். பேர் இல்லாவிட்டால் தனக்கு ஒன்றுமில்லை, அது அய்யாதுரை அண்ணாச்சி இஷ்டம் என்று சொல்லி அனுப்பினார்.

அய்யாதுரை சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை உமர். பயந்தவர். அச்சகத்தின் பேரைப் போட்டால் அடுத்த வருஷப் புத்தகத்தை எவன் வாங்குவான் என்கிறார். பாய் விடவில்லை என்றால் வேறு யார் விட்டது என்று காட்டு, இந்த வாசகத்தை எடுத்துவிடுகிறேன் என்கிறார். ஆயுத பூஜை வரை தவணை. அதற்குள் காட்ட வேண்டும்.

அவர் விடவில்லை. எனக்கு அது தெரியும். உப்புப் போட மறந்து குழம்பு வைத்திருக்கிறேன், அச்சடித்த பாரம் மாறி மடித்திருக்கிறேன், எல்லாம் நான். அவர் ஒரு புள்ளி விட்டதில்லை.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன்.

அக்கா ஜைதூன் பீ


புது தில்லி
30.8.2025

அன்புள்ள அக்காவுக்கு, சலாம். நாங்கள் நலம். ஆபீசில் தலைக்குமேல் வேலை, அதனால்தான் தாமதம். மன்னித்துக்கொள்.

மச்சான் எண்களைப் பல பேரிடம் கேட்பார், பத்திரிகைகளிலிருந்தும் எடுப்பார். போன வருஷம் என்ன கேட்டார் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

நான் சொல்வதைக் கேள். இந்த வயதில் நீ பசை தடவிக்கொண்டு நிற்க வேண்டாம். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. சிம்ராவும் அதையேதான் சொல்கிறாள். உனக்கென்று ஓர் அறை இருக்கிறது. ஒரு திருத்தச் சீட்டை யார் அக்கா படிக்கப் போகிறார்கள்? கடையில் புத்தகத்தைப் பிரிக்கும்போதே பாதி உதிர்ந்துவிடும்.

மனதைத் தளர விடாதே.
உமர்


மயிலாப்பூர்
6.9.2025

அன்புத் தம்பிக்கு அக்காவின் சலாம். நேற்று மீலாது நபி. பள்ளிவாசலில் கொடுத்த நெய்ச்சோற்றில் உனக்குப் பிடித்த அடிச்சோறு எனக்கு வந்தது. சாப்பிட்டேன்.

யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். நான் படிப்பேன். ஆயிரத்து நானூறு தடவை படிப்பேன். ஒவ்வொன்றிலும் அவர் பேருக்கு அடியில் பசை தடவி, விரலால் அழுத்தி ஒட்டி, காய வைப்பேன். நான் ஒட்டியது உதிராது. அதுவும் உனக்குத் தெரியும்.

தில்லிக்குக் கூப்பிட்டதற்கு சந்தோஷம். சிம்ராவிடம் சொல். ஆனால் நான் வரமாட்டேன். இங்கே வேலை இருக்கிறது, மதியம் பேச ஆள் இருக்கிறது, அவர் அடங்கின இடத்துக்கு நடந்து போகிற தூரம்.

நீ கல்லூரிக்குப் போன முதல் நாள் அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி உன் கையில் கட்டினார், ஞாபகம் இருக்கிறதா? பிறகு நாலு வருஷம் வெறுங்கையோடு இருந்தார். மணி கேட்டால் மசூதிப் பக்கம் காதைத் திருப்புவார். உனக்குத் தில்லியில் வேலை கிடைத்ததும் அச்சகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அதற்கப்புறம் எதில் சந்தேகம் வந்தாலும், "நம்ம உமரு சொன்னா கரெக்டா இருக்கும். அவன் படிச்சுக்கினு வந்ததே அதுக்குத்தான்" என்பார். பத்திரிகையில் வேறு மாதிரி இருந்தால் பத்திரிகை தப்பு என்பார்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுத வந்தது, எழுதிவிட்டேன்.

அக்கா


மயிலாப்பூர்
16.9.2025

அன்புத் தம்பிக்கு, சலாம். நான் சுகம். உன் பதில் வருவதற்குள் மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்று கிடைத்திருக்கிறது.

பைண்டிங் மேசையில் பசை தடவும்போது அடியில் பிழை திருத்திய பழைய புரூஃப் தாள்களை விரிப்போம், மேசை வீணாகாமல் இருக்க. கட்டுக்கட்டாகக் கிடக்கும். சனிக்கிழமை ஒரு கட்டைப் பிரித்து இரண்டாவது தாளை விரித்தேன். அவர் சிவப்புப் பென்சில். 214ஆம் பக்கம். நல்ல வேளை, பசைக் கையை அதன்மேல் வைக்கவில்லை.

இந்தியாவுக்கு எதிரே நட்சத்திரம் இருக்கிறது உமர். அச்சிலேயே இருக்கிறது. அவர் போட்டிருக்கிறார். பிறகு சிவப்புப் பென்சிலால் அதை அடித்திருக்கிறார்.

அவர் வழக்கம் உனக்குத் தெரியுமோ தெரியாதோ. தன் யோசனையில் எதையாவது மாற்றினால் சும்மா அடிப்பார். இன்னொருவர் சொல்லி மாற்றினால், அடித்ததற்கு நேராக ஓரத்தில் சொன்னவர் பேரின் முதல் எழுத்தைப் போடுவார். நாளைக்கு யாரும் கேட்டால் காட்டலாம் என்பதற்கு இல்லை. மறந்துபோனால் மறுபடி அவரிடமே கேட்கலாமே என்பதற்கு. இந்த நட்சத்திரத்துக்கு நேராக ஓரத்தில் எழுத்து இருக்கிறது.

அய்யாதுரை சாரிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால் அந்த வாசகம் அன்றைக்கே போய்விடும். அந்த எழுத்து யார் என்றும் அன்றைக்கே தெரிந்துவிடும். தாள் வீட்டில், என் தொழுகை விரிப்புக்கு அடியில் இருக்கிறது. காட்டலாமா வேண்டாமா, நீ சொல்.

அக்கா ஜைதூன் பீ


புது தில்லி
24.9.2025

அக்காவுக்கு, சலாம். நலம்.

தாள் உன்னிடமே இருக்கட்டும். நான் எழுதுகிறேன்.

உமர்


மயிலாப்பூர்
3.10.2025

அன்புத் தம்பிக்கு, சலாம். சிம்ராவும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்குக் குறைவில்லை.

புதன்கிழமை ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள். அவர் கம்ப்யூட்டரின் துணியை நான் எடுத்து மடித்து வைத்தேன். யாரோ அதற்கும் ஒரு சின்ன மாலை போட்டார்கள். அவர் இருந்தபோது, நமக்கு இது கிடையாது, ஆனால் மெஷினுக்கு உண்டு என்று சிரித்துக்கொண்டே பொரி வாங்கிக்கொள்வார். நானும் வாங்கிக்கொண்டேன்.

பூஜை முடிந்ததும் அய்யாதுரை சார் கூப்பிட்டார். விரிப்புக்கு அடியில் இருப்பதைப் பற்றி நான் சொல்லவில்லை. நட்சத்திரத்தை எடுக்கச் சொன்னது யார் என்று என் தம்பிக்குத் தெரியும், அவன் உங்களுக்கு எழுதுவான் என்று மட்டும் சொன்னேன்.

"எழுதிட்டாரா?"

"எழுதறேன்னு சொல்லியிருக்கான்."

"சரிம்மா, அப்ப எழுதிட்டாருன்னே வச்சிக்கிறேன். பாய் பேரை எடுத்துட்டு சீட்டை அடிக்கச் சொல்லவா?"

எனக்கு வேண்டியதும் அதுதான். தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"வச்சிக்காதீங்க சார். அப்படி வச்சிக்கினதுதான் 214ஆம் பக்கம்" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பதினைந்தாம் தேதி வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன், அதற்கு மேல் தி.நகர்க்காரர் நிற்கமாட்டார் என்றார். போதும் என்றேன்.

தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது. தபால் தாமதமாகும். பார்த்துச் செய்.

அக்கா


புது தில்லி
8.10.2025

அன்புள்ள அக்காவுக்கு உமர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதத் தோன்றவில்லை. தூக்கம் சரியில்லை.

அந்த எழுத்து "உ". நீ பார்த்த அன்றே உனக்குத் தெரிந்திருக்கும்.

போன வருஷம் அக்டோபர் கடைசியில் மச்சான் போன் பண்ணினார். 7.2 என்றேன். இது முடிந்ததா, வரப்போவதா என்று கேட்டார். வரப்போவதுதான் என்றேன். அப்படியென்றால் நட்சத்திரம் போட்டுவிடுகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆபீசிலும் நாங்கள் போட்ட கணக்கு கிட்டத்தட்ட அதேதான் வந்திருந்தது. அதில் என் உழைப்பும் உண்டு. "அது தப்பாது மச்சான், நான் சொல்றேன், ஸ்டாரை எடுத்துடுங்க. நம்ம நாட்டுக்குப் பக்கத்துல எதுக்கு சந்தேகக் குறி?" என்றேன். பிறகு, சரிப்பா, நீ சொன்னால் சரி என்றார்.

டிசம்பரில் ரிசர்வ் வங்கி அதை 6.6 ஆகக் குறைத்தது. அன்றைக்கே எனக்குத் தெரியும். புத்தகம் அச்சாகிக்கொண்டிருக்கும் என்றும் தெரியும். நான் சொல்லவில்லை. ஜனவரியில் அரசாங்கமே 6.4 என்றது. அந்த வாரம் மச்சான் மூன்று தடவை போன் பண்ணினார். நான் எடுக்கவில்லை. கூட்டத்தில் இருந்தேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு என்பது வரவில்லை. பிப்ரவரியில் வந்தபோது அவருக்கு மண் போட்டேன். அந்தக் கையில் அவர் கடிகாரம் இருந்தது.

நினைவில்லை என்று எழுதினேனே, அது பொய்.

இதோடு அய்யாதுரை சாருக்குத் தனிக் கடிதம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், என் ஆபீஸ் பேர், என் பதவி உட்பட. சீட்டில் என் பேரைப் போட்டாலும் எனக்குச் சம்மதம். நீயே கையில் கொடு.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளும்
தம்பி உமர் ஃபாரூக்


மயிலாப்பூர்
18.10.2025

அன்புத் தம்பி உமர் ஃபாரூக்குக்கு, வ அலைக்கும் ஸலாம். தூக்கம் வராவிட்டால் சூடாகப் பால் குடி. நான் மூன்று நாளாக நன்றாகத் தூங்குகிறேன்.

உன் கடிதம் பதினான்காம் தேதி மதியம் வந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அய்யாதுரை சாரிடம் ஓடினேன், முழங்காலோடு. அவர் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். "படிச்சவங்க சொன்னாங்கன்னு பாய் கேட்டுட்டாரு" என்றார். "நானும் அவரைக் கேட்காமப் பேசிட்டேன்" என்றார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, உன் பேரைப் போடவா என்று என்னிடமே கேட்டார். வேண்டாம் என்றேன். யார் பேரும் வேண்டாம், என்ன நடந்ததோ அதைப் போடுங்கள் என்றேன். நானே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அச்சாகி வந்த சீட்டு ஒன்றை இதில் வைத்திருக்கிறேன். தபாலில் தொலைந்தாலும் இருக்கட்டும் என்று கீழேயும் எழுதுகிறேன்:

"பக்கம் 214: இந்தியாவுக்குத் தரப்பட்டுள்ள 7.2 என்பது 2024-25 நிதியாண்டு முடியும் முன்பு, அக்டோபர் 2024இல் சொல்லப்பட்ட கணிப்பு. நட்சத்திரக் குறி இருந்திருக்க வேண்டும். ஆண்டு முடிந்த பின், மே 2025இல் அரசு சொன்னது 6.5."

இதில் தொள்ளாயிரம் ஒட்டிவிட்டேன். மீதி நாளைக்கு முடியும். முதல் பிரதியை பூஜாவுக்கு எடுத்து வைத்தேன். நேற்று வந்து வாங்கிக்கொண்டாள். வேறொரு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் மாதம் நான் எழுதின முதல் கடிதத்தில் எந்த எண்ணும் எழுதவில்லை. நட்சத்திரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எனக்கே அப்போது தெரியாது. உன் புத்தகம் இன்றைக்கும் என் அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது. ஆனால் உன் பதிலில் 7.2 இருந்தது, நட்சத்திரமும் இருந்தது. படித்த அன்றே புரிந்தது. தாள் கிடைத்தது அதற்கப்புறம்தான். ஜூலையிலேயே உன்னைக் காட்டிக்கொடுத்து அவர் பேரை மீட்டிருக்கலாம். ஆனால் நம்ம உமரு சொன்னா கரெக்டா இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதையும் சேர்த்து நான் மீட்க வேண்டியிருந்தது. அதற்கு நீதான் எழுத வேண்டும், நான் எழுத முடியாது.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அந்த மூன்று போனை நினைத்தால் வருகிறது. வந்துவிட்டுப் போகிறது.

அவர் இடத்துக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள், நிலா என்று பேர், கெட்டிக்காரி. அடுத்த ஆண்டுப் புத்தகத்துக்கு அட்டவணை தயாராகிறது. இந்தியாவுக்கு என்ன போடுவது என்று அய்யாதுரை சார் உன்னிடம்தான் கேட்கச் சொன்னார். நானும் அதையே சொன்னேன். இந்த நிதியாண்டுக்கு ஆகஸ்டில் ஆறரை என்ற ரிசர்வ் வங்கி இந்த மாதம் 6.8 என்கிறதாம், பூஜா சொன்னாள். எண்ணை நீ சொல். வருஷம் பாதிதான் ஆகியிருக்கிறது, அதனால் நட்சத்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நிலாவுக்குச் சிவப்புப் பென்சில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஓரத்தில் எழுத்துப் போடவும் சொல்லியிருக்கிறேன்.

கடிகாரத்தைக் கழற்றாதே. கட்டிக்கொண்டே இரு.

சிம்ராவுக்கு என் துஆ. வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் பண்ணு. எடுப்பேன்.*

உன் அக்கா
ஜைதூன் பீ